ஏரி நடுவே ஒரு விளக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. டல்லாஸ் நகரத்துப் புறநகர் ஒன்றில், அந்த வீட்டு வாசலில் வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் ஜூலை மாதம் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா தன் பிக்கப் வண்டியின் பின்னால் அலுமினியப் படகை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ப்பா, நீங்களும் வர்றீங்களா? மீன் பிடிக்கப் போறோம். திரும்ப விடியக்காலை ஆயிடும்" என்றான் மகன்.

பெரியவருக்கு வயது 67. மதுராந்தகம் பக்கத்தில் ஒரு சின்ன ஏரிக்கு முப்பது வருஷம் லஸ்கராக இருந்தவர். மடை திறப்பது, மூடுவது, மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கக் கரை சுற்றுவது, இதுதான் வேலை. ஏரி காத்த ராமர் ஊர்ப்பக்கத்துக்காரருக்கு ஏரியைக் காப்பது ஒரு உத்தியோகம் மட்டுமில்லை. அமெரிக்கா வந்து இரண்டு மாதமாக அவர் பார்த்த தண்ணீரெல்லாம் குழாயில் வந்ததுதான். 'ஏரி' என்ற சொல்லைக் கேட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மகன் அவருக்கு இணையத்திலேயே ஒருநாள் மீன்பிடி உரிமம் எடுத்தான். "தூண்டில் போடறதுக்கு லைசென்ஸா?" என்று அவர் சிரித்தார். மருமகள் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போது கணவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். பெரியவர் இரண்டையும் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றரை மணி நேரப் பயணம். போகும் இடத்தின் பெயர் லேக் ஃபோர்க். சுமார் 27,000 ஏக்கர் பரப்பு. பெயர்தான் ஏரி, 1980-ல் கட்டி முடித்த அணையால் உண்டானது. டெக்சாஸின் பெரிய ஏரிகளில் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். லூசியானா எல்லையில் உள்ள காடோ ஏரிதான் இயற்கையாக உண்டானது என்று பேர் பெற்றது.

வழியில் ஒரு கடையில் 'மின்னோ' என்ற குட்டி மீன்களை உயிரோடு வாங்கினார்கள். வாளியில் காற்றுக்குமிழி விடும் சின்ன மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "நம்மூர்ல மண்புழு. இங்க மீனுக்கு மீனே தீனியா?" என்றார் பெரியவர். மகன் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் தாத்தா வாய்விட்டுச் சிரித்தார்.

பிடிக்கப் போகும் மீனின் பெயர் கிராப்பி. வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என்று இரண்டு வகை. வெள்ளையின் உடம்பில் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக மங்கலான கோடுகள். கறுப்பில் மிளகைத் தூவியதுபோலப் புள்ளிகள். உள்ளங்கையை விரித்தது மாதிரி தட்டையான மீன். லூசியானாக்காரர்கள் இதைப் பிரெஞ்சு மொழியில் 'பால் பை' என்று அர்த்தம் வரும் பெயரால் அழைக்கிறார்கள். அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ நன்னீர் மீனும் இதுதான். உலக சாதனை வெள்ளைக் கிராப்பி 1957-ல் மிசிசிப்பியின் எனிட் அணையில் பிடிபட்டது. எடை 5 பவுண்டு 3 அவுன்ஸ். நம் கணக்கில் இரண்டே கால் கிலோவுக்குச் சற்று மேல். 'அவ்வளவுதானா!' என்று தோன்றும். அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் இதன் பின்னால் அலைவது எடைக்காக இல்லை, ருசிக்காக.

படகு தண்ணீரில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. மூவரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டார்கள். படகின் முன்பக்கம் சிவப்பும் பச்சையுமாய் விளக்கு, பின்பக்கம் வெள்ளை விளக்கு. ஏரிக்குள் காடு மாதிரிப் பட்டமரங்கள் நின்றன. அணை கட்டியபோது மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள்.

"ஏன் வெட்டாம வுட்டாங்க?"

"மீனுக்காகப்பா. கிளை நடுவுலதான் இந்த மீன் ஒதுங்கும். மரம் இல்லாத ஏரியில கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் அந்த மரத்தைக் கல்லு கட்டி உள்ள எறக்கறாங்களாம்."

ஆழமான ஓடை போன ஓர் இடத்தில், பட்டமரம் ஒன்றில் படகைக் கட்டினார் தாத்தா. பிறகு பச்சை நிற எல்.இ.டி. விளக்குகள் இரண்டை எடுத்துத் தண்ணீருக்குள் இறக்கினார். ஒன்று எரிந்தது. இன்னொன்று எரியவில்லை. வயரைத் தட்டிப் பார்த்தார், பேட்டரியைத் தட்டிப் பார்த்தார். பலனில்லை. பெருமூச்சு விட்டுவிட்டுப் படகின் அடியிலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு பழைய விளக்கை வெளியே எடுத்தார்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, நம்ம பெட்ரோமாக்ஸ்!"

அது கோல்மேன் லாந்தர். எல்.இ.டி. வருவதற்கு முன் இந்த ராத்திரி வேட்டைக்கு இதைத்தான் படகின் ஓரத்தில் தொங்கவிடுவார்கள். உள்ளே மேன்டில் உடைந்து தூளாகியிருந்தது. தாத்தா புது மேன்டிலைப் பிரித்துக் கட்டப் பார்த்தார். அவருடைய விரல்கள் நடுங்கின. நூல் இரண்டு தரம் நழுவியது.

"குடுங்க" என்று தமிழிலேயே சொல்லிக் கையை நீட்டினார் பெரியவர்.

அரை நிமிஷத்தில் முடிச்சுப் போட்டு, தீக்குச்சி காட்டி மேன்டிலைச் சாம்பலாக எரித்து, பம்ப் அடித்தார். "சூடு காட்ட ஸ்பிரிட் எங்க?" என்று கேட்டார். இந்த விளக்குக்கு அது வேண்டாம். மண்ணெண்ணெய் இல்லை, வேறு எரிபொருள், நேராகவே பற்றிக்கொள்ளும் என்று தாத்தா சைகையில் காட்டினார். குப்பென்று பிடித்து, 'உஸ்ஸ்' என்ற அந்தச் சத்தத்தோடு வெளிச்சம் பரவியது. தாத்தா எழுந்து நின்று பெரியவருக்கு ஒரு சல்யூட் வைத்தார். பெரியவர் முகத்தில் இரண்டு மாதமாக வராத ஒரு களை வந்தது.

* * *

வெளிச்சம் போட்டவுடன் மீன் வந்துவிடாது. ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். முதலில் பூச்சிகள் மொய்க்கும். பிறகு தண்ணீருக்குள் தூசு மாதிரி ஏதோ மிதக்கும். அதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றைத் தின்னக் குட்டி மீன்கள் கூட்டமாக வட்டமடிக்கும். அந்தக் குட்டி மீன்களைத் தேடித்தான் கீழே இருட்டிலிருந்து கிராப்பி வரும். அதன் கண்கள் பெரியவை. மங்கிய வெளிச்சத்திலும் இரை தெரியும். அது மேலே பார்த்துத் தின்னும் மீன். அதனால் தூண்டில் மீனுக்குக் கீழே போய்விட்டால் தொடாது. கொஞ்சம் மேலே நிற்க வேண்டும்.

கோடையில் ஏரியின் அடியாழத்தில் பிராணவாயு குறைந்துவிடும். அதனால் மீன் தரையில் கிடக்காது, நடுவில் நிற்கும். தாத்தா கணக்குப் பார்த்துப் பதினைந்து அடியில் தூண்டிலை நிறுத்தினார். தங்கூஸ் நரம்பில் மெல்லிய கம்பி முள். மின்னோவை உதட்டில் குத்திக் கோர்த்து இறக்கினார். மூன்று தக்கைகள் வெளிச்சத்தில் மிதந்தன.

பெரியவர் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். விளக்கு இருவருக்கும் முன்னால் தண்ணீர்ப் பக்கம் தொங்கியதால், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"ப்பா..."

"ம்."

"எனக்கு வேலை போயிடுச்சுப்பா."

லாந்தரின் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியும்" என்றார் பெரியவர்.

மகன் திரும்பினான். "எப்படி? அவ சொன்னாளா?"

"அவ எங்க சொன்னா, பாவம். சாவி மாட்டற கொக்கியில உன் ஆபீஸ் அட்டை தொங்கும். நான் வந்த மொத ரெண்டு வாரம் காலையில அதை எடுத்துக் கழுத்துல போட்டுக்கினு போவ. அப்புறம் கொக்கியிலயும் இல்ல, கழுத்துலயும் இல்ல. ஆனா நீ மட்டும் பையை எடுத்துக்கினு தெனமும் போற."

அவன் நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அங்கே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டைக் காரில் ஏசி போட்டுச் சாப்பிடுவான்.

"ஏம்ப்பா கேக்கல?"

"ஏரியில தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு பாக்க மடையைத் திறக்கணுமா? அளவுகல்லு இருக்கு, பாத்தாத் தெரியுது. திறக்கறப்ப திறக்கட்டும்னு இருந்தேன்."

அப்பா கோபப்படுவார், இல்லாவிட்டால் அழுவார் என்று நாற்பது நாளாகப் பயந்துகொண்டிருந்தவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தாத்தா எழுந்து அவன் தோளில் லேசாகத் தட்டிவிட்டு, படகின் மறுமுனையில் போய் உட்கார்ந்துகொண்டார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மனிதர். ஆனால் என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பெரியவர் அதையும் கவனித்தார்.

"தொரைக்குத் தெரியுமா?"

மகன் தயங்கினான். "தெரியும்ப்பா. மொத வாரமே. ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம வாசல்ல உக்காந்திருந்தேன். மணி ஒண்ணு இருக்கும். அவரு பாத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தாரு. சொல்லிட்டேன். அடுத்த நாள்தான் இங்க கூட்டிக்கினு வந்தாரு."

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. வேலை போனது அவருக்குப் பெரிய அடியாக இல்லை. வேலை போகும், வரும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தது பெற்றவனுக்குத் தெரியவில்லையே என்பதுதான் குத்தியது.

"என்கிட்ட சொல்ல என்னடா?" குரல் லேசாக உடைந்தது.

"அவருகிட்ட சொல்றது சுலபமா இருந்துச்சுப்பா" என்றான் மகன். கொஞ்சம் நிறுத்தி, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். "அவரு என்னப் பத்தி யாருகிட்டயும் பெருமையாப் பேசினதில்ல."

டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீடுகளில் 'என் மகன் அமெரிக்காவுல' என்று அவர் சொன்னதெல்லாம் பெரியவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு அடி உயரம் கூடும். அந்தச் சுமை போய் உட்கார்ந்த இடம் எது என்பதை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அப்போது அவருடைய தக்கை, உள்ளே போகாமல், தண்ணீர்மேல் படுத்தது. இரையைக் கவ்விக்கொண்டு மேலே வரும் கிராப்பி தக்கையை இப்படித்தான் சாய்க்கும். விரால் பிடித்த பழக்கத்தில் பெரியவர் சுண்டி ஓர் இழுப்பு இழுத்தார். கனம் தெரிந்தது, அடுத்த நொடி நரம்பு தளர்ந்துவிட்டது. வெறும் முள்தான் வந்தது.

தாத்தா அந்தப் பக்கமிருந்து ஏதோ சொன்னார்.

"சுண்டக் கூடாதாம்ப்பா. இதுக்கு வாய் காயிதம் மாதிரி. காயித வாய்னுதான் பட்டப்பேரே. வேகமா இழுத்தா கிழிஞ்சுடும். சும்மா மேல தூக்கினாப் போதும், அதுவா வரும்."

அடுத்த தக்கை சாய்ந்தபோது பெரியவர் அவசரப்படவில்லை. தூண்டிலை மெதுவாகத் தூக்கினார். வெளிச்சத்துக்குள் வெள்ளித்தட்டு போல ஒரு மீன் சுழன்று வந்தது. மகன் கைவலையை அடியில் கொடுத்து ஏந்தினான். பட்டை பட்டையாகக் கோடு. வெள்ளைக் கிராப்பி.

பிறகு மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டெக்சாஸ் சட்டப்படி ஒருவர் ஒரு நாளைக்கு 25 கிராப்பிதான் வைத்துக்கொள்ளலாம். பத்து அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். தாத்தா ஒவ்வொன்றையும் அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தார். ஒன்று ஒன்பது அங்குலம் இருந்தது.

"இவ்ளோ ஆழத்துலேர்ந்து வந்தது, திரும்பப் பொழைக்குமா?" என்று கேட்டார் பெரியவர்.

நியாயமான கேள்விதான். ரொம்ப ஆழத்திலிருந்து மேலே வரும் மீனுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை உப்பிக்கொள்ளும். திரும்பக் கீழே போக முடியாமல் செத்துவிடும். அதனால்தான் இந்த ஏரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய, மீன்கள் ஆழத்துக்குப் போய்விடும் காலத்தில், பிடித்த கிராப்பி சின்னதானாலும் திரும்ப விடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். பதினைந்து அடி அவ்வளவு ஆழமில்லை. மகன் மீனைத் தண்ணீருக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அது ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்தது. பிறகு வாலை ஒரு தரம் வெட்டிவிட்டு இருட்டுக்குள் இறங்கிப் போனது. அது போன இடத்தையே அப்பாவும் மகனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்ளோ நாள் இருக்கு?" என்றார் பெரியவர். மீனைப் பற்றிக் கேட்கவில்லை என்பது மகனுக்குப் புரிந்தது.

"பத்தொன்பது நாள்ப்பா."

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறொரு நிறுவனம் அவருக்காக மனு போட வேண்டும். அல்லது வேறு விசா நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பேத்தி இங்கே பிறந்தவள். அவள் மட்டும் அமெரிக்கக் குடிமகள். கார் கடன், பள்ளிக்கூடம், வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் மகன் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒரு கம்பெனியில் மூன்று சுற்று நேர்காணல் முடிந்திருப்பதையும் சொன்னான். முடிவு இன்னும் வரவில்லை.

"வரலன்னா ஊருக்கு வா" என்றார் பெரியவர். "ஓட்டு வீடுதான். ஆனா வீடு இருக்கு."

சொல்லும்போதே அந்த ஓடு அவர் கண்முன் வந்தது. போன ஐப்பசி மழைக்கு அடுக்களை முழுக்க ஒழுகியது. அம்மா பாத்திரங்களை வரிசையாக வைத்து ஏந்தினாள். ஓட்டைப் பிரித்துத் தளம் போட மேஸ்திரி ஆறரை லட்சத்துக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் பெரியவர் விமானம் ஏறினார். நல்ல நேரம் பார்த்து மகனிடம் கேட்க வேண்டும் என்பது அம்மாவும் அவரும் பேசி வைத்தது. கொக்கியில் அட்டை இல்லாததைப் பார்த்த அன்றே அந்தப் பேச்சை விழுங்கிவிட்டார். இப்போதும் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை.

"ஊர்ல எல்லாரும் கேப்பாங்கப்பா."

"கேட்டா நான் சொல்லிக்கறேன். இத்தன நாள் பேசினவன் நான்தான? இதையும் நானே பேசிக்கறேன்" என்றார். பிறகு, "தக்கையைப் பாரு" என்றார்.

* * *

வீடு திரும்பியபோது விடியக்காலை மூன்றரை. மொத்தம் பதினேழு மீன். தாத்தா தன் கார் கொட்டகையில் விளக்கைப் போட்டு, மின்சாரக் கத்தியால் முள்ளில்லாமல் சதையை மட்டும் சீவி எடுத்தார். தலையையும் முள்ளையும் குப்பையில் போடப் போனவரைப் பெரியவர் தடுத்தார். "நோ, நோ! கொழம்பு!" தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலைகளைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

மருமகள் தூங்காமல் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா, காபி போடட்டுமா?"

"போடும்மா" என்றார் பெரியவர். டம்ளரை வாங்கிக்கொண்டு, "நீ எத்தன நாளா இப்படித் தூங்காம இருக்க?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்லவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பி நின்று முந்தானை இல்லாத இரவு உடையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகன் அவள் பக்கத்தில் போய் நின்றான். பெரியவர் காபியோடு வாசலுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை தடவி மீன் வறுத்தாள். தலைக்குப் புளிக்கொழம்பு. கிராப்பி சதை மிருதுவானது, கவிச்சி இல்லாதது. அதிகம் கிளறினால் உதிர்ந்துவிடும். அந்தத் தாத்தா சோளமாவில் புரட்டிப் பொரித்ததை ஒரு தட்டில் கொண்டுவந்தார். போகும்போது ஒரு கிண்ணம் கொழம்பு வாங்கிக்கொண்டு போனார். காரம் தாங்காமல் அவர் இரண்டு டம்ளர் மோர் குடித்ததைப் பேத்தி நடித்துக் காட்டினாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. பெரியவர் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்தார். வழக்கமாக அந்த நேரத்துக்கு மகன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பான். அன்று அவன் கிளம்பவில்லை. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான். இன்னும் பதினாறு நாள் இருந்தது.

பெரியவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டி.வி.யைப் போடவில்லை. மகனுடைய காபி ஆறிக்கொண்டிருந்ததைப் பார்த்து, டம்ளரை அவன் கைப்பக்கம் லேசாக நகர்த்தி வைத்தார்.